மூணாம் நாள் சிரிக்கணும்

மாசி 12, திங்கள்

விடியலிலேயே பனிமூட்டம். பெரட்டுக் களத்தில் ஒரு ஆள் முகமும் தெரியலை, குரலை வச்சுத்தான் வேலைக்கு வந்தவங்க பேரைப் பதிஞ்சேன். மேல்மலையில் தேயிலைக் கொழுந்து சுமார். அட்டைக்கடி வேற. கடிச்ச இடத்துல தடவுற சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு, பசறைப் பக்கம் யாராச்சும் போனா சொல்லிவிடணும்.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால காமன் கூத்துக்குக் கம்பம் நட்டாங்க. நான் போகலை. தப்பு அடிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டுச்சு. வருஷா வருஷம் ரதி வேஷம் எனக்குத்தான், கணக்கப்பிள்ளை ஆனபிறகும் விடலை. தோட்டத்துத் துரை கூட ஒருதடவை வந்து பார்த்துச் சிரிச்சிட்டுப் போனார். இந்த வருஷம் இல்லை. செ. கார்த்திகையில் போனா. பொண்டாட்டியைப் பறிகொடுத்த வீடு, வருஷம் திரும்புற வரைக்கும் தீட்டு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற சுப்பையாவுக்கு வேஷம் கொடுத்திருக்காங்க.

நல்லதாப் போச்சு. சேலை கட்ட வேண்டாம். மன்மதன் எரிஞ்சு போனான்னு மாரடிக்க வேண்டாம். அலுத்துப்போச்சு.

மாசி 13, செவ்வாய்

தூறல். பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போனேன், இப்ப அதுவும் நானேதான். மூட்டத்துல பொம்பளைங்களுக்கு என்னைத் தெரியலை.

"மரக்கட்டை மன்மதனுக்கு வருஷா வருஷம் அப்படி அழுவுறாரு. சொந்தப் பொண்டாட்டிக்கு ஒரு சொட்டு விடலையே."

"எல்லாம் கூத்துலயே செலவாயிருச்சு போல."

குடத்தை நிரப்பாம வந்துட்டேன்.

அவங்க சொல்றதுல பொய் இல்லை. அவ போன அன்னிக்குப் பந்தல் போடச் சொன்னேன். வந்தவங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னேன். துரைக்கு ஆள் அனுப்பினேன். அழலை. கண்ணுல மண்ணைப் போட்டமாதிரி எரிச்சல், அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் வரலை. அரிதாரம் பூசினாத்தான் வருமோ? அப்படின்னா எனக்குன்னு உள்ள என்னதான் இருக்கு? நினைக்கவே பயமா இருக்கு.

மாசி 16, வெள்ளி

மழை விட்டிருச்சு. இடுப்பு வலி.

சுப்பையா ஒத்திகை பாடுறது கேட்டுச்சு. பாட்டு ஒரு வரி பிசகலை. தொண்டையும் என்னைவிட நல்ல தொண்டை. ஆனா அழுகிறது, கொழுந்துக் கூடையைத் தொலைச்சவன் அழுகிற மாதிரி.

இருட்டுறதுக்குள்ள கூத்து வாத்தியார் மாரிமுத்து வந்தார். வெத்தலை போட்டு, தோட்டத்துக் கதையெல்லாம் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சுப்பையாவைப் பார்த்து சனம் சிரிக்குதாம். நான்தான் வரணுமாம். தீட்டுன்னேன்.

"ரதியே தாலியறுக்கப் போறவதானே, கணக்கப்பிள்ளை. அவளுக்கு ஏது தீட்டு?"

யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பினேன்.

மாசி 19, திங்கள்

வெயில். கொழுந்து பரவாயில்லை.

பொன்னம்மா ரொட்டியும் சம்பலும் வச்சிட்டுப் போனா. செ.யோட தங்கச்சி, கீழ் லயத்து வீட்டுல இருக்கா. படியில வச்சா, பேசலை. அக்கா போன நாள்லேருந்து என்கூடப் பேச்சில்லை. நான் அழாதது அவளுக்கு ஆறலை.

சாப்பிட்டுட்டு யோசிச்சேன். அந்த அழுகை எங்கேருந்து வந்துச்சு? சனம் என் திறமைங்குது. வாத்தியார் அம்மன் கொடுத்ததுங்கறார். ரெண்டும் இல்லை. திருச்சியிலிருந்து அவ அப்பன் செத்த சேதி வந்தப்ப செ. அழுதா. கடல் தாண்டிப் போக முடியாது. லயத்துக்குப் பின்னால உட்கார்ந்து, சொல்லு பாதியில மூச்சு நின்னு நின்னு வர, இடது கையால தரையைத் தட்டிக்கிட்டே இருந்தா, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. அடுத்த மாசியில அதை அப்படியே ரதிக்குப் போட்டேன். ஊரே அழுதுச்சு. அவ மட்டும் விறகுக் குவியல் பக்கத்துல நின்னு, முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சா.

வீட்டுக்கு வந்து கேட்டா: "என் அழுகையைத் தூக்கிட்டுப் போய் அரிதாரம் பூசிட்டீங்களே?"

கோபம் இல்லை. பெருமை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் "இன்னிக்கு நான் நல்லா அழுதேனா"ன்னு அவதான் கேட்பா.

அப்படின்னா அது யாரோட அழுகை? அவளோடதுன்னா நான் யாரு, சுமந்துக்கிட்டுப் போற ஆளா? சரி, சுமை கூலிக்காரனுக்கும் தோள் வலிக்கும்தானே.

வாத்தியாருக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினேன். ஒண்ணு மட்டும் முடிவு. இந்தத் தடவை அவளோடது வேண்டாம். எனக்குன்னு ஒரு அழுகை இருக்கான்னு பார்த்துரணும்.

மாசி 23, வெள்ளி

வேணும்: சவுரி. கண்ணாடி வளையல். மஞ்சள் கயிறு. சேலை, செ.யோட சிவப்பு, பொட்டியில இருக்கு.

கொசுவம் அவதான் வச்சுவிடுவா. இத்தனை வருஷம் ரதியா ஆடியும் எனக்கு அது தெரியாது. வாத்தியார் வச்சுவிட்டுப் பார்த்தார், அவிழ்ந்து போச்சு.

மாசி 25, ஞாயிறு

தொண்டை கட்டிப்போச்சு. உடம்பெல்லாம் புகை நாத்தம்.

நேத்து ராத்திரி காமன் எரிஞ்சான். தாலி அறுத்தாங்க. பாட ஆரம்பிச்சேன், நினைச்சபடி என் சொந்தமா. ஒண்ணும் வரலை. பெரட்டுல பேர் கூப்பிடுற குரல். முன்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டாங்க. அவமானத்துல கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடது கை தானாத் தரையைத் தட்டுச்சு. மூச்சும் பாதிச் சொல்லுல நின்னுச்சு. நான் வேணும்னு செய்யலை.

கூட்டத்துலேருந்து பொன்னம்மா குரல். "அக்கா!"

அப்புறம் அந்த இடமே அழுதுச்சு. வாத்தியாரே அழுதார். எனக்கு மட்டும் கண்ணு காஞ்சு கிடந்துச்சு.

காலையில பொன்னம்மா வந்தா. "எங்கக்காவைக் கண்ணுல காட்டிட்டீங்க மச்சான்"னா. இப்பத்தான் பேசுறா. அவகிட்ட என்னத்தைச் சொல்றது, எனக்கு இன்னமும் வரலைன்னா?

மாசி 26, திங்கள்

காலையில லேசான வெயில், மத்தியானம் மூட்டம். பெரட்டுல எல்லாரும் கும்பிட்டாங்க.

மூணாம் நாள், காமனை எழுப்பினாங்க. செத்தவன் உசுரோட வருவான், ஆனா ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அதனால அங்கே ஆளே கிடையாது. தப்பு சந்தோஷமா அடிப்பாங்க. நான் வெறும் இடத்தைப் பார்த்துச் சிரிக்கணும். சுலபமான வேலை. எந்தப் பக்கம் பார்க்கணும்னு வாத்தியார் ஒருநாளும் சொன்னதில்லை. நானா ஒரு பக்கம் பார்ப்பேன்.

இன்னிக்கும் பழக்கத்துல அந்தப் பக்கமே திரும்பினேன். விறகுக் குவியல். பக்கத்துல யாரும் இல்லை.

செல்லாயி இல்லை.

"சிரிங்க கணக்கப்பிள்ளை, சிரிங்க"ன்னு வாத்தியார் பின்னாலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தார். முடியலை. வந்திருச்சு. மூக்கு ஒழுகி, குரல் கரகரத்து, ராகமும் இல்லை தாளமும் இல்லை. தப்பு அடிக்கிறவங்க என்ன செய்யறதுன்னு தெரியாம நிறுத்திட்டாங்க. சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச்சு. யாரும் அழலை.

திரும்பி வரும்போது பீலியண்ட ஒருத்தி சொல்லிக்கிட்டுப் போனா, கடைசி நாளைக் கணக்கப்பிள்ளை கெடுத்துட்டாருன்னு.

ஆமா. கெடுத்துட்டேன்.