ஜிம்மி யார் கையில் சாப்பிடுகிறான்

ஞாயிறு, ஜனவரி 6, 1974

நல்ல பனி. மாட வீதியில் பஜனை கோஷ்டி கிளம்புவதற்கு முன்பே கிளம்பியாகிவிட்டது. நான், ஜிம்மி, பக்கத்து வீட்டு செல்வி. அடையாறு பாலத்தில் நடைக் குழுவின் மற்றவர்கள். மொத்தம் பதினோரு பேர், பெண்கள் ஐந்து. கிண்டி வழியாக நடந்தே பரங்கிமலை. காணும் பொங்கலன்று செஞ்சிக் கோட்டை ஏறப் போகிறோம், அதற்கு ஒத்திகை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். பெண்கள் வரிசையில் முன்னால் போகிறவள் கழுத்தில் விசில். வளைவு வந்தால் ஒரு ஊதல், யாராவது பின்தங்கினால் இரண்டு. நாலு வருஷமாக அது என் கழுத்தில்தான். இன்று மலையடியில், குழுவை நடத்தும் தணிகாசலம் சார் கையை நீட்டினார்.

"பத்மா, இன்னிக்கு செல்வி ஊதட்டுமே. சின்னப் பொண்ணு, மூச்சு இருக்கு."

எனக்கு முப்பத்தெட்டு. மூச்சு இல்லையாம்.

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தேன். அவள் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூ. அந்த ஷூ எந்தக் கடையில் கிடைக்கும், உள்ளே பவுடர் போட வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். வயிறு எரிகிறது. எரியட்டும். என் டைரி, நான் எழுதுகிறேன்.

ஜிம்மி மலை ஏறவில்லை. பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நாங்கள் இறங்கி வந்தபோது பத்துப் பேரை விட்டுவிட்டு செல்வியின் காலை முகர்ந்தான்.

திங்கள், 7

அரை நாள் லீவு. ஜிம்மியை சைக்கிள் ரிக்‌ஷாவில் மிருக ஆஸ்பத்திரிக்கு. ரிக்‌ஷாக்காரர் ஏற்ற யோசித்தார். "இன்னாம்மா, மூஞ்சி சொணங்கிப் போய்க் கீது? கடிக்காதுல்ல?" கடிக்கத் தெம்பு எங்கே. வழியெல்லாம் என் மடியில் தலை. புடவை முழுக்க எச்சில்.

டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல், ரத்தம் இல்லை. மலைப் புதரில் ஏறின உண்ணியாக இருக்கும் என்றார். அதாவது, மூன்று வருஷமாக நான் கூட்டிக்கொண்டு போன மலை.

"என்ன ஆகாரம்?"

"தயிர் சாதம்."

கம்பவுண்டர் சிரித்தே விட்டார். "தயிர் சோறு துன்னுகினு இத்தினி நாளு உசுரோட கீதே, அதுவே பெருசும்மா. முட்டை குடு, ஈரல் சூப்பு குடு. இல்லாங்காட்டி தேறாது."

டாக்டரும் சீட்டில் அதையே எழுதினார். ஊசி, டானிக், தினம் இரண்டு முட்டை, ஈரல்.

சீட்டை நாலாக மடித்து பர்ஸுக்குள் வைத்துவிட்டேன். முட்டை! அந்தப் பேச்சை எடுத்தாலே மன்னி பாத்திரம் பண்டத்தையெல்லாம் கிணற்றடிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அண்ணாவின் வீடு. நான் ஒரு அறை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு நாய்.

மன்னி: "டாக்டர் என்ன சொன்னார்?"

நான்: "கஞ்சி குடுக்கச் சொன்னார்." வாய் கூசவே இல்லை.

மன்னி: "நாய்க்குன்னு லீவா? போன மாசம் நான் ஜுரத்துல படுத்துண்டிருந்தேனே, அப்போ உங்க ஆபீஸ்ல லீவே கிடையாதோ?"

பக்கத்து வீட்டில் முட்டை உண்டு, மீன் உண்டு. செல்வியின் அப்பாவுக்கு தி.நகரில் பாத்திரக் கடை, திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்கள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டேன். விசிலைக் கொடுத்தாயிற்று, நாயையும் கொண்டுபோய்க் கொடுப்பதா?

செவ்வாய், 8

உண்ணி பிடுங்கினேன். முப்பத்தொன்று. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன். கியூவில் நின்று வாங்கின மண்ணெண்ணெயை நாய் உண்ணிக்குச் செலவழிக்கிறேன் என்று மன்னி அண்ணாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

ராகிக் கஞ்சி: முகர்ந்தான், திரும்பிக்கொண்டான்.
பால்: இரண்டு நக்கு.
ரொட்டி: தொடவில்லை.
டானிக்: என் ரவிக்கை மேல்.

சாயங்காலம் மனசு மாற, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து வரிசையாக அடுக்கினேன். தை பிறந்ததும் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். பதினேழாவது வாரம் காணோம். செல்வி படிக்க வாங்கிக்கொண்டு போனது. எல்லாமே அந்த வீட்டுக்குத்தான் போகிறது.

வியாழன், 10

மூன்று நாளாகக் கஞ்சி. விலா எலும்பை எண்ணலாம். பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு கையில் படுகிறது.

ஆபீஸிலிருந்து வந்தேன். கொல்லையில் அவன் படுக்கிற கோணி காலி. பதறிப்போய்த் தேடினால், சுவர் உடைசல் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து மெள்ள வருகிறான். வால் ஆடுகிறது! தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வாய் நாறிற்று. என்ன நாற்றம் என்று எனக்குத் தெரியாதா? ஆபீஸில் டைப்பிஸ்ட் மேரி டிபன் டப்பாவைத் திறக்கும்போது வருகிற வாசனை.

நாய் நன்றியுள்ள பிராணியாம். எவன் சொன்னான்? தெருவில் குட்டியாகக் கிடந்தவனைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தவள் நான். ஒரு முட்டையில் எல்லாம் போச்சு.

இனிமேல் அவள் பெயரை முழுசாக எழுதக்கூட மனசு வரவில்லை. செ. போதும்.

சனி, 12

கேட்டுவிட்டேன். சுவர் உடைசலில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செ., கையில் அலுமினியக் கிண்ணம்.

"என்னைக் கேக்காம என் நாய்க்கு எதுக்கு முட்டை போட்டே?"

அவள் பயந்துவிட்டாள். "தப்பாக்கா? பாவம், எழும்பவே முடியாமக் கிடந்தான். எங்க ஊர்ல நாய் படுத்துட்டா முட்டையும் ஈரலும்தான் குடுப்போம். உங்க வீட்ல கேட்டா சங்கடப்படுவியளேன்னுதான் சொல்லல."

அவளுக்கு டாக்டர் சொன்னது தெரியாது. தெரியாமல் கொடுத்தாள். நான் தெரிந்து வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. இதை இங்கேதான் எழுத முடியும்.

கிண்ணத்தை வாங்கி நானே நீட்டினேன். ஜிம்மி என்னைப் பார்த்தான், என்னைத் தாண்டி அவளைப் பார்த்தான். கிண்ணத்தை அவள் கைக்கு மாற்றினேன். உடனே லபக் லபக். நானா அவனுக்கு விஷம் வைத்தேன்? மூன்று நாள் கஞ்சியைத் தொண்டையில் ஊற்றின கை என்று நினைத்துவிட்டான் போல.

ஞாயிறு, 13. போகி

தெருவெல்லாம் டயர் புகை. ஜிம்மிக்குத் தும்மல். மன்னி அவனுடைய கோணியை நெருப்பில் போட எடுத்துவிட்டாள். "பழையன கழியட்டும்டி." கையைப் பிடித்துப் பிடுங்கினேன். அப்புறம் என் பத்திரிகைக் கட்டுமேல் கண். அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன், நாற்பது நிமிஷம்.

புதன்கிழமை செஞ்சி. அன்று யார் சோறு போடுவது? இரண்டு நாளாக நானும் பார்த்துவிட்டேன், அவள் கையில்தான் சாப்பிடுகிறான். அவளும் செஞ்சிக்கு வந்துவிட்டால் அன்று முழுப் பட்டினி. இருக்கிற ரத்தத்துக்கு ஒரு நாள் பட்டினி தாங்காது என்று நேற்று ஊசி போட்ட கம்பவுண்டரே சொன்னார்.

செ.யிடம் சொன்னேன், "யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"நான் இருக்கேன்க்கா. நீங்க போய்ட்டு வாங்க." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உள்ளே போய் விசிலை எடுத்துவந்து நீட்டினாள். "இதையும் நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு ஊதுதது மறந்து மறந்து போகுது."

வேண்டாம், என் நாய், நானே இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கைதான் நீண்டது.

திங்கள், 14. பொங்கல்

பால் நன்றாகப் பொங்கிற்று. சர்க்கரைப் பொங்கல், வடை, கரும்பு. அண்ணா எனக்கு நீலத்தில் கைத்தறிப் புடவை. செ. வீட்டுப் பொங்கல் ஒரு தூக்கு வந்தது. மன்னி அதை வாசலிலேயே வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். ஜிம்மி பகல் பூராவும் சுவருக்கு அந்தப் பக்கம்.

வியாழன், 17

நேற்று செஞ்சி. கால் இன்னும் கெஞ்சுகிறது.

ராஜகிரி ஏறினோம். சரியான வெயில், படிக்குப் படி குரங்கு, ஒன்று தணிகாசலம் சாரின் புளியோதரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. நான்தான் முன்னால். விசில் என் கழுத்தில். முப்பத்தெட்டு வயது மூச்சு ஒரு இடத்திலும் நிற்கவில்லை, சாரே உச்சிக்கு முன்னால் வருகிற பாலத்துக்கிட்டே உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டார். "பத்மா, நீதான்மா சரி," என்றார். இந்த வார்த்தைக்குத்தானே பத்து நாளாகச் செத்தேன்.

உச்சியில் நல்ல காற்று. கீழே வயலும் பாறையுமாக எத்தனை அழகு. எல்லாரும் ஆஹா, ஓஹோ. எனக்கோ மணி பதினொன்று, இப்போது முதல் முட்டை போட்டிருப்பாள் என்றே ஓடிற்று. அவன் அவள் மடியில் தலை வைத்திருப்பான். காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். அங்கே சொறிந்தால் அவன் பின்னங்கால் தானாக உதறும், அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இந்நேரம் அவளும் கண்டுபிடித்திருப்பாள்.

என்னை அறியாமல் இரண்டு தடவை ஊதிவிட்டேன். "யாரு பின்தங்கினது?" என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. அசடு வழிந்தது.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. மூட்டையைக்கூட இறக்காமல் நேரே செ. வீட்டு வாசல். ஜிம்மி அவளுடைய ரப்பர் செருப்புமேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தான். கூப்பிட்டேன். தலையைத் தூக்கினான். மறுபடியும் கூப்பிட்டேன். வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். மூன்றாவது தடவை கூப்பிட்டதற்குக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டு முட்டையும் தின்னுட்டான்க்கா, ஈரலும் தின்னான். சாயந்திரம் கேட் வரைக்கும் தானா நடந்தான்னா பாத்துக்கிடுங்க."

"கேட்டுக்கு எதுக்கு?"

"தெரியலயே. அங்கனயே உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தான். விளக்கு வச்ச பொறவுதான் உள்ள வந்தான்."

சும்மா சொல்கிறாள். எனக்கு ஆறுதலாம். அவள் ஆறுதல் எனக்கு வேண்டாம்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபமா, பொறாமையா, நாய் பிழைத்துவிட்ட சந்தோஷமா என்று கேட்டால், முக்கால்வாசி பொறாமைதான்.

வெள்ளி, 18

காலையில் மப்பும் மந்தாரமும். ஆபீஸுக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். செ. பள்ளிக்கூடத்தில் டீச்சர், இன்னும் பொங்கல் லீவு. ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வைத்துக்கொள்ள முடியவில்லை.

படித்தாள். முட்டை, ஈரல். மேலே தேதியைப் பார்த்தாள்.

"ஏழாந் தேதியே சொல்லிட்டாராக்கா?"

"ஆமாம்."

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை..." அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

"செல்வி, உன் அடுப்பைக் கொஞ்சம் குடு. நான் அவிக்கறேன். நீ கிட்ட வராதே."

முட்டையைக் கையில் எடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒன்று தண்ணீரில் வெடித்து நுரை நுரையாக வந்தது. செ. வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு, "உப்புப் போடுங்கக்கா, உப்பு," என்றாள். உரிக்கும்போது பாதி வெள்ளை ஓட்டோடு போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செஞ்சி ஏறினவளுக்கு முட்டை ஒரு கஷ்டமா?

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ஜிம்மி முகர்ந்தான். தலையைத் திருப்பி செ.யைப் பார்த்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சாப்பிடுடா" என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

சாப்பிட்டான். கடைசித் துண்டுவரை. அப்புறம் கையை நக்கினான், விரல் விரலாக. முட்டைக்காகத்தான். தெரியும். ஆனாலும் நக்கினது என் கையை.

நாளைக்கும் சேர்த்து இரண்டு முட்டையை அவித்து, டிபன் டப்பாவில் போட்டு, ஹேண்ட்பேகுக்குள் வைத்து வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். மன்னியின் சமையலறைக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். நாளைக் காலை ஐந்தரைக்கே எழுந்து போட்டுவிட வேண்டும். செ. எழுந்திருப்பது ஆறு மணிக்கு.