கீழ்ப்படியச் சொன்ன வசனம்

ஸ்டவாங்கர், ஈஸ்டர் கழிந்த வியாழன், 1942

என் அன்புள்ள ஹல்வோர் அவர்களுக்கு, உங்கள் மனைவி குன்வோர் தோத்திரத்துடன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர நான் சுகம். அங்கே தீவில் உங்கள் இருமலும் பேத்தியின் காய்ச்சலும் தணிந்தனவா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். பதினோரு வருடத்துக்கு முன் மீன் ஆலையில் நாம் வேலைநிறுத்தம் செய்தபோது, "ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று பிரசங்கம் செய்து உங்கள் வேலைக்கு உலை வைத்தாரே போதகர் ஸ்யூர், அந்த மனிதரை நான் மறக்கவில்லை. ஈஸ்டரன்று அதே மேடையில் ஏறி, ஜெர்மானியருக்குத் தலையாட்டும் அரசாங்கத்தின் சம்பளமும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று தன் ராஜினாமாவை வாசித்தார். சபை முழுவதும் எழுந்து நின்றது. நானும்தான்.

ஆனாலும் கோவில் வாசலில் மறித்துக் கேட்டேன். "அன்னைக்கு எங்களுக்குச் சொன்ன வசனம் எங்க போச்சு ஐயரே?"

"தப்பா சொல்லிட்டேம்மா. முதலாளி முன்வரிசையில உக்காந்திருந்தாரு, பயந்துட்டேன்."

"இன்னைக்கு ஜெர்மன்காரன் துப்பாக்கியோட உக்காந்திருந்தானே?"

"இன்னைக்கும் பயம்தான். கை நடுங்குனதப் பாக்கலியா?"

நடுங்கும் கையோடு வாசித்தவரை நான் மெச்சாமல் என்ன செய்வது? அவரை மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் அதிகாரிகள்.

கம்பளிக் காலுறையும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

படகு கிளம்பப் போகிறது. இதைக் கொண்டுவந்து உங்கள் முன் நிற்பவர் அவர்தான். மாடி அறையைக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்பார். முதலில் சாப்பாடு போடுங்கள். மன்னிப்பை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

குன்வோர்