ஓடைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள கவெரேயின் அப்பாவுக்கு முஹோஞ்சா எழுதுவது. நாங்கள் நலம். மொம்பாசா துறைமுக வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

கவெரேக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உகாலிக் களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது. குரங்குகள்தான் விட்டுவைப்பதில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எதையும் நம்பிவிடுவேன். அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் வழிகாட்டியாக இருவரைக் ககமேகா காட்டுக்குள் நடக்க அழைத்துப் போனேன். பறவை பார்க்க வந்தவர்களாம். லிராண்டா குன்றின் மேல் நின்றபோது கீழே காடெங்கும் பனி. மரத்தலைகள் மட்டும் தீவுகள் போல. எத்தனை வருடம் பார்த்தும் எனக்கே அலுக்காத காட்சி. நெட்டையானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் துராக்கோ பறவை தலைக்கு மேலேயே கத்தியும் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைத் தொடவில்லை. பெரிய மரம் வந்தால் மட்டும் நின்று அடியைத் தட்டிப் பார்த்து, "உள்ள பொந்து இல்லாம இருக்குமா?" என்று என்னிடமே கேட்டார். குட்டையானவர், மழைக்கு முன்னால் இந்தப் பாதையில் லாரி வருமா என்றார். "பறவை லாரியிலயா வரும் ஐயா?" என்றேன். சிரித்து மழுப்பினார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய தேக்கு இருக்கும் பள்ளத்தை விட்டு விலக்கி, வேறு வழியாக வெளியே கூட்டிவந்தேன். அப்போதுதான் நெட்டையானவர் நின்றார். "என்னம்மா, லுசெனோ நேத்து சொன்ன வழி இது இல்லையே? பெரிய தேக்கு ஓடைக்கு அந்தப் பக்கம்னாரே," என்றார். குட்டையானவர் அவர் முழங்கையை இடித்தார்.

"லுசெனோவா? அது யாருங்க?" என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் உங்களைத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மரத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. கல்யாணமான புதிதில் உங்களுக்கு மட்டும் காட்டினேன். இருவரும் கைகோத்து அணைத்தும் பாதி கூட எட்டவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

அன்று மாலையே வனக் காவலரிடம் அவர்கள் வந்த வண்டியின் நம்பரையும் அவர்கள் அடையாளத்தையும் அந்த மரம் நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டேன். "வேற ஏதாவது பேசிக்கிட்டாங்களா? யார் பேராவது?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். நேற்று முதல் மரத்தைச் சுற்றிக் காவலர்கள் நான்கு பேர் துப்பாக்கியோடு மறைந்திருக்கிறார்கள். இதை நான் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

உங்கள் துறைமுக முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். அங்கே உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டு ஒட்டுகிறேன். எங்களைப் பார்க்க வருவதானால் பட்டப்பகலில், பெரிய சாலை வழியாக, எல்லோரும் பார்க்கும்படி வாருங்கள். காட்டு வழி மட்டும் வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முஹோஞ்சா