நேர்ந்துவிட்ட சேவலின் இறகு

1998 மார்ச் 5, வியாழன்

விடியலிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. பகல் முழுக்க மூட்டை கட்டும் வேலைதான்.

கூடாரம். மண்ணெண்ணெய் அடுப்பு. தோட்டத்துத் தொரையின் மடக்கு நாற்காலி. அட்டைக் கடிக்கு உப்பு, சவர்க்காரம் (எஹலியகொடையில் வாங்கியாயிற்று).

தொரை நாளைக்குப் பலாங்கொடைக்கு மேலே ஓர் ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறார். கூடாரம் அடிக்க, சமைக்க என்று என்னையும் மனோகரனையும் கூட்டிப் போகிறார். விஷயம் அதுவல்ல. பெரிய கிளாக்கர் இந்த மாதத்தோடு ஓய்வு. அந்த இடம் எங்கள் இருவரில் ஒருவனுக்கு. திரும்பி வரும்போது சொல்வாராம். எனக்கு சர்வீஸ் அதிகம். ம.வுக்கு இங்கிலீஷ் அதிகம், முதுகும் நன்றாக வளையும்.

சாயங்காலம் பங்களாவில் ஒரே கத்தல். தொரை புழு போட்டு மீன் பிடிக்கிற ஆள் இல்லை. தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, பூச்சி மாதிரி கட்டி, தண்ணீர் மேல் வீசுவார். சீமையிலிருந்து வரவழைத்த இறகை எல்லாம் அந்துப்பூச்சி தின்றுவிட்டது.

மெதுவாகச் சொல்லிவைத்தேன். "மனோகரன் வீட்டுல சாம்பல் கழுத்துல ஒரு சேவல் நிக்குதுங்க சார்."

"காலையில கொண்டு வரச் சொல்லு."

அது பேக்டரி மெஷினைக் காக்கிற ரோதைமுனி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போன பிறகு ம.வின் மனைவி தவமணி குஞ்சிலிருந்து வளர்ப்பது. இப்போது அவளுக்கு ஏழு மாதம். திருவிழாவில் சாமிக்கு அறுக்க வேண்டும். லயத்து வீடுகளின் பிள்ளைகள்கூட அதன்மேல் கல் எறியாது. ம. எப்படித் தருவான்? மாட்டேன் என்பான். தொரையிடம் மாட்டேன் என்றவன் எவனும் இந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் ஆனதில்லை.

சாமி சேவல் என்று தொரையிடம் நான் சொல்லவில்லை. அது அவன் வாயாலேயே வரட்டும்.

மார்ச் 6, வெள்ளி

தூறல். ஜீப் அருகில் ம. கையில் சாக்கு. சாக்கு அசைந்தது. எனக்குப் பகீரென்றது.

"சாமிக்கு நேர்ந்ததுங்க சார். ஆனா சார் கேட்டா சாமி ஒண்ணும் சொல்லாதுங்க."

"ஷா! ஹரி ஷோக்!" தொரை சிங்களத்தில் மெச்சி அவன் தோளில் தட்டினார்.

பிறகு என் காதருகே ம.: "தவமணி தூங்குதுண்ணே. கீரி தூக்கிருச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க." நான் ஏன் சொல்கிறேன் என்றேன்.

இரத்தினபுரி தாண்டி செக்பாயிண்ட். தொரைக்கு சல்யூட். எங்கள் இருவரின் ஐடென்டி கார்டை மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஆமிக்காரன். சாக்குக்குள் சேவல் கூவியது. அவன் சிரித்துவிட்டான், போங்கள் என்றான்.

ஓடைக்கரை. சரியான குளிர். சேவலை ம.வையே அறுக்கச் சொன்னார் தொரை. பூச்சி கட்ட, கழுத்துத் தோலை மட்டும் இறகோடு தனியாக எடுத்துக்கொண்டார், மிச்சம் கறி. ம. அடுப்புப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளறினான். மண்ணெண்ணெய் அடுப்பில் ஏது புகை? சாப்பிடும்போது தொரை தொடையைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

"சாப்புடு மனோகரன். ஒன் சாமிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சாப்பிட்டான். நானும்தான். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மார்ச் 7, சனி

நல்ல வெயில். கால் முழுக்க அட்டைக் கடி. சவர்க்காரம் சுத்த வேஸ்ட்.

தொரை பாறைமேல் நின்று வீசுகிறார். ம. இடுப்பளவு தண்ணீரில், கையில் வலை, உதடு நீலம். அந்த இறகுப் பூச்சி தண்ணீரில் உட்காருகிற அழகைச் சொல்லத்தான் வேண்டும். மத்தியானம் ஒன்று மாட்டியது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் புள்ளி. தொரை முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, மீனைத் திரும்பவும் ஓடையிலேயே விட்டுவிட்டார்.

"விட்டுட்டீங்களா சார்?" ம.வின் குரல் கீச்சென்று வந்தது.

"திங்கவா பிடிக்கிறோம்? பாவம், அதுக்கும் உயிர்தானே."

ம. வெறும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடாரத்துக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். இந்த மாதத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மூடுபனி. கூடாரத்தை ஈரத்தோடே சுருட்டினோம். என் சொக்ஸ் ஒன்றைக் காணோம்.

பெல்மதுளை தாண்டியதும் தொரை, திரும்பிப் பார்க்காமலே: "பெரிய கிளாக்கர், மனோகரன்."

கல்யாணத்துக்குக்கூட ஒழுங்காக லீவு எடுக்காதவன் நான்.

"நீ நல்ல வேலைக்காரன்" என்றார் என்னிடம். "ஆனா சாமி சேவலையே தூக்கிக் குடுத்தவன், நான் எதைக் கேட்டாலும் குடுப்பான். எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்."

பிறகு சாம்பல் இறகுப் பூச்சி ஒன்றை எடுத்து என் தொப்பியின் முன்பக்கத்தில் குத்திவிட்டார். "வெச்சுக்கோ. சேவலைச் சொல்லிக்குடுத்ததே நீதானே."

ம. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் சொன்னான்: "பரவால்லண்ணே. தவமணிக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டா."

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

மார்ச் 9, திங்கள்

வெயில். காய்ச்சல் என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன்.

காலையிலேயே வாசலில் தவமணி. "அண்ணே, கேசரி கொண்டாந்திருக்கேன். இவருக்குப் பெரிய கிளாக்கர் வேல கெடச்சிருச்சுல்ல."

ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு கையில் தட்டு, ஒரு கை வயிற்றில்.

"சேவலத்தான் கீரி தூக்கிருச்சுண்ணே. அழுதுகிட்டே இருந்தேன். சாமியே வந்து எடுத்துக்கிச்சு, அதான் வேல கெடச்சிருக்குன்னு இவரு சொல்றாரு. சரிதானண்ணே? கதவத் தொறங்களேன்."

தொப்பி ஆணியில் மாட்டியிருந்தது. வீட்டுக்குள் யார் தொப்பி போடுவார்கள்? எடுத்துப் போட்டேன். கண்ணாடியில் பார்த்து, இறகு நேராக இருக்கிறதா என்று சரிசெய்துகொண்டேன். கதவைத் திறந்தேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் என் நெற்றிக்கு மேலே பார்த்தாள்.

கேசரித் தட்டு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறது.