முப்பத்தோராம் பக்கத்து எட்டு

செங்கல்பட்டு
6-2-2025

அன்புள்ள கங்காதரா,

போன செவ்வாய், பொத்தேரிக் கல்லூரியில் அறுபது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, சாக்பீஸ் தேடுவதாக நடித்தேன். சாக்பீஸ் கையில்தான் இருந்தது. முகத்தைத்தான் காட்ட முடியவில்லை.

காரணம் ஹாதியா என்றொரு மாணவி. நான் வருடாவருடம் பெருமையாக நடத்தும் பாடம் உனக்கு நினைவிருக்கும். மாறிகளை வட்டமாக உட்காரவைத்து இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படியும் மாறாத கோவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு களம். எத்தனை மாறிகளோ அத்தனை புதுக் கோவைகளைக் கொண்டே அந்தக் களத்தை முழுசாகக் கட்டிவிடலாம், வட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் கட்டலாம் என்று என் எம்.ஃபில். ஆய்வேட்டில் அடித்துச் சொன்னேனே, அதுதான். அந்தப் பெண் எழுந்து, "சார், விகிதமுறு எண்கள் மேல எட்டு மாறிக்கு வராதே" என்றாள். நாம் அரை நிக்கர் போடும் முன்பே யாரோ அதை நிரூபித்து அச்சேற்றியும் விட்டார்களாம். விகிதமுறு எண்களில் இல்லாத மூலங்களை, இருப்பதுபோல் எடுத்துப் புழங்கியிருக்கிறேன்.

2001 மார்ச்சில் என் வைவாவில் நீ கேட்டதும் இதுதான். "எட்டு பேர் சுத்தினா நிக்குமா மொய்தீன்?" என்றாய். மீனவக் குப்பத்திலிருந்து படிக்க வந்த உனக்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது: "இது மீன் கூறு இல்லடா, எட்டு எட்டா பிரிக்க." ஹாலே சிரித்தது. பிரியாணி நினைப்பிலிருந்த தேர்வாளரும் சிரித்தார். அந்த மாதமே நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் படகு எஞ்சின் ரிப்பேருக்குப் போனாய். எனக்குத் துறைத்தலைவர் நாற்காலி வந்தது, அதை நிறைக்கத் தொப்பையும் வந்தது.

தெரியாமல் பேசிவிட்டேன். போனில் கேட்கத் தைரியமில்லை. மன்னிப்பாயா?

உன்
காஜா மொய்தீன்

*

தேவனேரி, மாமல்லபுரம்
13-2-2025

மச்சான் மொய்தீன்,

லெட்டர் வந்துச்சு. வீட்டுக்காரி பார்வதம் படிச்சிட்டு, "இவரு இன்னா, கல்யாணப் பத்திரிக மாதிரி எழுதிகீறாரு" என்றாள். எஞ்சின் ஆயில் கையோடு எழுதுகிறேன், கறை இருந்தால் கண்டுக்காதே.

மீன் கூறு பேச்சு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகப் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நாலு நோட்டு தீர எட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். வரவே இல்லை. மொய்தீன் நிற்கும் என்கிறான், அவன் எல்லாம் சரிபார்த்திருப்பான், நம் மண்டைக்குத்தான் இது ஏறவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். இருபத்துநாலு வருசம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மனசு லேசாக இருக்கிறது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதவன்மேல் இன்னா கோபம்? 23ஆம் தேதி ஞாயிறு வா. அமீனாவையும் கூட்டி வா. வஞ்சிரம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆய்வேட்டையும் எடுத்து வா, ஒருவாட்டி முழுசாகப் பார்க்கணும்.

கங்காதரன்

*

செங்கல்பட்டு
20-2-2025

அன்புள்ள கங்காதரா,

வஞ்சிரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. ஞாயிறு நான் வரவில்லை. ஆய்வேட்டை மட்டும் இதோடு அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை அமீனா இரண்டு முறை வாசித்து, "எவ்ளோ நல்ல மனுசன்" என்றாள். மூன்றாம் முறை வாசிக்க வந்தபோது நான் ஆய்வேட்டைத் திறந்துவைத்து ரப்பரோடு உட்கார்ந்திருந்தேன். "இன்னாங்க, இந்த வயசுல பரீட்சையா?" என்று கேட்டாள். தேய்க்கவில்லை. ரப்பரைக் கொண்டுபோய் அவள் தையல் டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் பக்கத்தைத் திற. ஓரத்தில் பென்சிலால் "8-க்கு நிற்கவில்லை" என்று எழுதியிருக்கும். கையெழுத்து என்னுடையது. கீழே தேதி இருக்கிறது. வைவாவுக்கு நாலு நாள் முந்தைய தேதி.

காஜா மொய்தீன்