மிதியுங்கோ, பிடியுங்கோ

மே 27, செவ்வாய்

இன்றைக்கும் உவர்மலை இறக்கத்தில் இவர் பிரேக் போட்டார். பிரேக் இருப்பது என் காலடியில். இவர் இருப்பது இடப்பக்க இருக்கையில். ஆனாலும் அந்த வளைவு வந்ததும் வலது காலால் நிலத்தை ஓங்கி மிதிக்கிறார். இரண்டு மாதத்தில் கால்மிதி அந்த இடத்தில் தேய்ந்து ஓட்டை விழப் பார்க்கிறது. அதே நேரம் நானும் மிதிக்கிறேன் என்பது இவர் கணக்கில் இல்லை. கார் நின்றதும், தானே நிறுத்தியதுபோல ஒரு மூச்சு.

தையில் கண் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி வாகனம் தொடக்கூடாது என்று. கண்ணில் அழுத்தம். வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது, இடதும் மங்கல். மார்ச்சில் நான் லைசன்ஸ் எடுத்தேன், ஐம்பத்தேழு வயதில். சோமசேகரத்தாரின் மனுசி கார் ஓடுகிறாள் என்று எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரு மாதம் அதே கதை. கதைக்கட்டும். மீன் சந்தை, ஆஸ்பத்திரி, தைத்த சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, எல்லாம் பத்து மணிக்குள் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸுக்கு நின்ற காலத்தில் இது ஒரு முழுநாள் அலைச்சல்.

மே 29, வியாழன்

கார் மனமில்லாமல் நகர்கிறது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடுவதில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது எரிந்த மணம். முன் சில்லில், டயரின் நடுப்பக்கத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் தோசைக்கல்லுச் சூடு.

"ஹான்ட் பிரேக்கை இறக்காமலே ஓடினீரோ?" என்றார் இவர்.

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன். இறக்கித்தான் ஓடினேன். ஆனால் இவர் இரண்டு தரம் கேட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. முப்பத்திநாலு வருசப் பழக்கம்.

மே 31, சனி

மகள் நிவேதிகா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, அந்தப் பழசை வித்துப்போட்டு ஓட்டோவில போங்கோ." தம்பலகாமத்தில் ஒருவர் காரை நெடுநாளாய்க் கேட்கிறார். அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் இவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

லாபிர் மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். இந்தக் காருக்குப் பத்து வருசமாய் அவர்தான் வைத்தியர். சில்லுகளைக் கழற்றி, உள்ளேயிருந்து சின்ன ரப்பர் மூடிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தண்ணீரில் ஊறிய கடலைபோல் ஊதிக் கிடந்தன.

"அக்கா, இதப் பாருங்க. ரப்பர் எல்லாம் பொங்கிட்டு. அதான் பிரேக் புடிச்சா உடுதில்ல. பிரேக் ஒயில் ஊத்துற இடத்தில ஆரோ வேற ஒயில் ஊத்திருக்காங்க."

"வேற ஒயில் எண்டா?"

"இஞ்சின் ஒயிலோ, மெஷின் ஒயிலோ. பேருலதான் எல்லாம் ஒயில். பிரேக் ஒயில் வேற சாதி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரே மாதிரி இரண்டு இருமல் மருந்துப் போத்தல்கள். ஒன்றில் மிஞ்சிய பிரேக் ஒயில், மற்றதில் என் தையல் மெஷின் ஒயில். இரண்டிலும் இவரே ஒட்டிய லேபல்.

இவர் கதிரையைப் போட்டுக்கொண்டு பின்னால்தான் இருந்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. நான் வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்: "நான்தான் விட்டனான். குறைஞ்சு கிடந்துது எண்டு. மெஷின் ஒயிலை மாறி விட்டிட்டன் போல."

லாபிர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், குனிந்து ரப்பரைத் துடைத்தார். துடைத்து என்ன பயன், எறியப் போகிற ரப்பர்.

"பாத்தீரோ," என்றார் இவர். "அதுதான் சொல்லுறனான், கார் உமக்குச் சரிவராது."

ஜூன் 3, செவ்வாய்

நித்திரை சரியில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

நான் காரின் முன்மூடியை, பொனெற்றைத் திறந்ததே இல்லை. எப்படித் திறப்பது என்றே தெரியாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் போத்தலை ஜன்னலடியில் பிடித்து, தலையை ஒரு பக்கம் சரித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கொண்டு வெளியே போனார். நான் கண்டனான். கேட்டிருக்கலாம். கேட்டால் கோவம் வரும் எண்டு கேக்கேல்லை. அப்ப இதில என்ர பிழையும் இருக்குத்தானே?

நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருசம் படம் வரைந்த மனிசன். எறும்பு ஊர்ந்ததுபோல் குட்டி எழுத்து, ஒவ்வொன்றும் அச்சு. அந்த எழுத்தைத்தான் அவரால் வாசிக்க முடியவில்லை. லாபிர் முன்னால் இதை எப்படிச் சொல்லுவேன்?

ஆனா எனக்குக் கார் வேணும். அதையும் எழுதி வைக்கிறன். என்ர மானத்தைக் குடுத்து அவற்ற மானத்தைக் காப்பாத்தினன், சரி. அதுக்காகக் காரையும் குடுக்கிறதோ? பதினைஞ்சாம் திகதி அந்த ஆள் வந்திடுவான்.

ஜூன் 5, வியாழன்

லாபிரிடம் நேரே கேட்டேன்: செலவைக் குறைத்துச் செய்ய ஏலுமோ?

"ஏலும். ஆனா எதுல குறைக்கிறது, எதுல குறைக்கேலாது எண்டு நான்தான் சொல்லுவன்."

இரும்புச் சிலிண்டர்கள் நல்லாய் இருக்கின்றன. புதிது வேண்டாம், உள்ளே மெல்லத் தேய்த்துக் கழுவினால் போதும். பிரேக் கட்டைகளையும் எறிய வேண்டாம், டவுனில் புது லைனர் ஒட்டித் தருவார்கள். ரப்பர் அத்தனையும் புதிது. மூன்று ஹோஸும் புதிது, அவையும் அந்த ஒயிலைக் குடித்தவை. குழாய்களைக் கழுவிப் புது பிரேக் ஒயில். "ரப்பர்ல மிச்சம் புடிச்சா உவர்மல இறக்கத்தில கணக்குத் தீர்க்கும்," என்றார். செலவு நான் பயந்துகொண்டிருந்ததில் பாதிதான் வந்தது. இவரிடம் சொன்னேன். "விக்கப்போற காருக்கு ஏன்?" என்றார். பிரேக் இல்லாத காரை ஆர் வாங்குவினம் என்று கேட்டேன்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். வேலை இல்லை. லாபிர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. சில்லில்லாமல் மரக்கட்டைகளில் ஏறி நிற்கிறது கார். கச்சான் காற்று புழுதியை அள்ளி அதன்மேல் கொட்டுகிறது. இவர் இரண்டு தரம் போய்ச் சீலைத்துண்டால் துடைத்துவிட்டு வந்தார். விற்கப்போகிற காராம்.

ஜூன் 11, புதன்

நேற்றுப் போயா, பௌர்ணமி லீவு, கடைகள் பூட்டு. இன்று லாபிர் எல்லாவற்றையும் பொருத்தி முடித்துவிட்டு, இனிக் குழாய்க்குள் நிற்கிற காற்றை எடுக்க வேண்டும் என்றார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே சில்லடியில் சின்ன நட்டை இளக்கிக் காற்றோடு ஒயிலை வெளியே விட்டு, திரும்ப இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

நான் சாரதி இருக்கையில் ஏறப் போனேன். லாபிர் மறித்தார். "நீங்க கீழ வாங்க அக்கா. ஓடுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். சோமசேகரம் சேர் ஏறி மிதிக்கட்டும். அதுக்குக் கண் தேவையில்ல."

லாபிர் வாய் தவறிச் சொன்னாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ தெரியாது. இவர் எழுந்து போய், கதவைத் தடவித் திறந்து ஏறினார். தைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த இருக்கை.

எட்ட இருக்கிற சில்லில் தொடங்கினோம். நிலத்தில் பாயைப் போட்டு நான் இருக்க, லாபிர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார்.

"மிதியுங்கோ," என்றேன்.

"மிதிச்சாச்சு."

"பிடியுங்கோ."

"பிடிச்சாச்சு."

நட்டை இளக்க, அதில் மாட்டிய சின்னக் குழாயில் குமிழி குமிழியாய் வந்தது. இறுக்கினேன். "விடுங்கோ."

"விட்டாச்சு."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் இவருக்கு இவ்வளவு கட்டளை போட்டதில்லை. இவர் இவ்வளவு கேட்டதும் இல்லை. உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மூன்றாம் சில்லுக்கு வரும்போது என்னைவிட இவர்தான் உசார். "சொல்லும், சொல்லும்," என்று அவசரப்படுத்தினார்.

கடைசிச் சில்லு வலப்பக்க முன் சில்லு, சாரதிக் கதவுக்குப் பக்கத்தில். "இத நீங்களே செய்யுங்க," என்றுவிட்டு லாபிர் பின்னால் போய்ச் சாமான்களை அடுக்கினார். மிதியுங்கோ, பிடியுங்கோ. குமிழி இல்லை, ஒயில் மட்டும் வந்தது. இறுக்கினேன். அப்போது தலைக்கு மேலே, திறந்த கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரும். அந்த ஒயில் நான் விட்டது."

"தெரியும்," என்றேன்.

"லேபல் வாசிக்க ஏலாமப் போச்சு. என்ர எழுத்து."

நான் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூடாது என்று நினைத்தால் வேறு ஒன்றும் நினைக்க முடிவதில்லை.

"உம்மைப் பேசினதுக்கு மன்னியும். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

பின்னாலிருந்து லாபிர் கத்தினார். "அக்கா! உடச் சொல்லுங்க! சேர்ட கால் நோகப் போகுது!"

அப்போதுதான் பார்த்தேன். நான் சொல்லவில்லை என்று இவர் இன்னும் மிதித்துப் பிடித்தபடியே இருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

அலுமாரியில் மெஷின் ஒயிலை எடுக்கப் போனேன். பழைய லேபல்கள் உரிக்கப்பட்டிருந்தன. ஒரு போத்தலைச் சுற்றி வெள்ளைத் தாள், அதில் என் சுண்டுவிரல் உயரத்தில் கறுப்பு எழுத்து: பிரேக். மற்றதில்: மெஷின். எழுத்துகள் கோணல். 'க்' புள்ளி தாளுக்கு வெளியே போத்தலில் விழுந்திருந்தது.

ஜூன் 14, சனி

இவர் தம்பலகாமத்து ஆளோடு போனில் கதைத்தது குசினிக்குக் கேட்டது. "இல்லைத் தம்பி, விக்கேல்லை. ஓடுறதுக்கு வீட்டில ஆள் இருக்கு."

ஜூன் 20, வெள்ளி

கண் கிளினிக். பார்வை இனித் திரும்ப வராதாம், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. இவருக்கு அது முதலே தெரிந்திருந்தது.

போகும்போது இறக்கம் வந்தது. பழக்கத்தில் நான் இவர் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வலது காலை மடித்து இருக்கையின் மேல் போட்டிருந்தார், வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல. முகம் துறைமுகப் பக்கம் திரும்பியிருந்தது.

"கப்பல் ஏதும் நிக்குதோ?" என்றார்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரமாக்கிப் பிரேக்கை மிதித்தேன். கார் சொன்ன இடத்தில் நின்றது. எட்டிப் பார்த்து எண்ணினேன்.

"மூண்டு நிக்குது," என்றேன். "ஒண்டு சிவப்பு."