திருவாதிரை வெடிக்குமா?

கார்த்திகை, வெள்ளிக்கிழமை. மழை.

காலையில் கோயிலில் அவர் பெயருக்கு, திருவாதிரை நட்சத்திரம் என்று சொல்லி அர்ச்சனை செய்தேன். அந்த நட்சத்திரம் முதிர்ந்துவிட்டது, ஒருநாள் வெடிக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதைப் போனில் பார்த்திருந்தேன். வாய் சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு சரோஜாக்காவிடம் சொன்னேன்.

"அடியாத்தி, ஒம் புருசன் நட்சத்திரமாச்சே! பரிகாரம் பண்ணு புள்ள" என்று பதறினார்.

சாயங்காலம் கொழும்பிலிருந்து அவரே போனில் கோல் எடுத்தார். தீபாவளிக்கு வந்து போன பிறகு இதுதான் முதல் தடவை.

"என்னா புள்ள, என் நட்சத்திரம் வெடிக்கப் போகுதாம்? இங்க என்கூட கடையில நிக்கிற சரோஜாக்கா மகன் சொல்றான். எனக்கு ஏதும் ஆயிருமா?"

நம் காலத்தில் அது நடக்க வாய்ப்பில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் வைத்துவிடுவார். அதனால் அந்த நட்சத்திரம் எவ்வளவு பெரியது, ஏன் சிவப்பு, சில வருஷம் முன்பு தூசி மறைத்து எப்படி மங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுங்க."

"அப்பாடா" என்று வைத்துவிட்டார்.

இவ்வளவு காலமும் யார் கண்ணுக்கும் படாமல் திருவாதிரையின் பக்கத்திலேயே ஒரு சின்ன நட்சத்திரம் இருந்ததாம். இப்போதுதான் கண்டிருக்கிறார்கள். அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவேயில்லை.